எவ்வளவு சத்தமாகப் பேசலாம்?

1985, ஆகஸ்ட் 2. மாலை ஆறு மணி. ஃப்ளோரிடாவிலிருந்து வந்த டெல்டா ஏர்லைன்ஸ் 191 விமானம், டல்லாஸில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மழைமேகம். அதற்குள் நுழைந்தது விமானம்.

மேகத்துக்கு அடியில் காற்று, குடத்தைக் கவிழ்த்த மாதிரி தரையை நோக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டுகிற காற்று தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும் அல்லவா? முதலில் எதிர்க்காற்று வந்து விமானத்தைத் தூக்கியது. சில விநாடிகளில் மேலிருந்து ஒரு அமுக்கு. அப்புறம் பின்னாலிருந்து ஒரு தள்ளு. இறக்கைகளுக்குப் பிடிமானம் போய்விட்டது. ஓடுபாதை வரைக்கும்கூட வரமுடியாமல் விழுந்து நொறுங்கியது. சாலையில் சிவனே என்று காரில் போய்க்கொண்டிருந்த ஒருவரையும் சேர்த்து 137 உயிர்கள்.

இதற்கும், உங்கள் வீட்டில் டி.வி. ஸ்டாண்டு மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டிக்கும் சம்பந்தம் உண்டு. பொறுங்கள், அங்கேதான் வருகிறேன்.

சாதாரண ரேடாருக்கு மழை தெரியும். மழைக்குள் காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரியாது. டல்லாஸ் மாதிரியான விபத்துகளுக்குப் பிறகு, அதைப் பார்க்கத் தெரிந்த டாப்ளர் ரேடாரை விமான நிலையங்களுக்கு அருகே நிறுவ அமெரிக்கா முடிவு செய்தது. 1990களில் தொடங்கி மொத்தம் 45 ரேடார்கள் வந்தன. அவை பேசும் அலைவரிசை 5,600 முதல் 5,650 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1985. விபத்துக்கு மூன்று மாதம் முன்னால், மே 9-ம் தேதி. வாஷிங்டனில் எஃப்.சி.சி. என்கிற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. பின்னணியில் இருந்தவர் மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர். அவர் சொன்னது இதுதான்: ‘மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாதனங்கள் இரைச்சல் போடுகிற சில அலைவரிசைகள் இருக்கின்றன. அங்கே உருப்படியாக யாரும் குடியேறப் போவதில்லை. லைசென்ஸ் கேட்காமல் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவோமே?’

எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் திறந்துவிட்டார்கள். அதில் ஒன்றுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். இன்றைய வைஃபையின் பூர்வீகக் கிராமம்.

ஒரே ஒரு நிபந்தனை. யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் கத்தக்கூடாது. ஒலிபரப்பும் சக்தி 1 வாட்டைத் தாண்டக்கூடாது.

மற்ற நாடுகளும் பின்னால் வந்தன. ஒவ்வொருவரும் தன் ஊருக்குத் தக்கபடி ஒரு அளவு வைத்தார்கள். ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாவையும் சேர்த்து 100 மில்லிவாட்தான். நம் நாட்டில் 2005 ஜனவரியில்தான் இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு அறிவித்தது. வரம்பு, ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட்.

சரி. சட்டம் போட்டாயிற்று. ஆனால் வீட்டுக்கு வீடு போய் யார் அளந்து பார்ப்பது? பழைய காலத்து ரேடியோப் பெட்டியில் தொழிற்சாலையிலேயே முடுக்கி அனுப்பிவிடுவார்கள். வைஃபை சிப் வந்ததும் கதை மாறியது. சக்தியைக் கூட்டுவது, குறைப்பது, அலைவரிசை மாற்றுவது எல்லாமே சாஃப்ட்வேர். அந்த சாஃப்ட்வேருக்குப் பெயர் டிரைவர். கம்ப்யூட்டருக்கும் சிப்புக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ‘இவ்வளவு சத்தமாகப் பேசு’ என்று உத்தரவிடுகிற ஆசாமி.

ஏதெராஸ் என்று ஒரு சிப் கம்பெனி. 1998-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் தெரசா மெங், ஜான் ஹென்னஸி இருவரும் ஆரம்பித்தது. அருமையான சிப்கள். எந்த அலைவரிசைக்கும் வளைந்து கொடுக்கும். அதுதான் வம்பு. யாராவது டிரைவரைத் திருத்தி, தடை செய்யப்பட்ட அலைவரிசையில் முழு சத்தத்தில் பேசவிட்டால்? எஃப்.சி.சி. கம்பெனியைத்தானே பிடிக்கும்?

லினக்ஸ், பி.எஸ்.டி. உலகத்தில் வழக்கம் வேறு. ஓப்பன் சோர்ஸ். அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்த புத்தகம். யாரும் படிக்கலாம், திருத்தலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்தார் சாம் லெஃப்ளர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் வளர்த்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் டிரைவரை இரண்டாக வெட்டினார். ஒரு பாதி திறந்தது. சிப்பை நேரடியாகத் தொடுகிற மறுபாதி, படிக்க முடியாத வடிவில் பூட்டப்பட்டது. அந்தப் பூட்டிய பாதிக்குப் பெயர், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, ஹால். வீட்டைத் திறந்துவிட்டு ஹாலை மட்டும் பூட்டிவைத்த கதை!

லெஃப்ளர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவர் மட்டும் அப்படிச் செய்திராவிட்டால் அந்த சிப்கள் லினக்ஸில் வேலை செய்வதற்கு இன்னும் பல வருடம் ஆகியிருக்கும். ஆனால் ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு உறுத்தியது. உள்ளே என்ன எண் எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒன்றை என் கம்ப்யூட்டரில் எப்படி ஓட்டுவது? தப்பு இருந்தால் யார் திருத்துவது?

இன்டெல்லும் இதே பயத்தில்தான் இருந்தது. 2006-ல் வந்த அதன் ஒரு வைஃபை கார்டுக்கு டிரைவர் திறந்ததாக இருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு காவல்காரப் புரோகிராமும் ஓடியாக வேண்டும். அது மட்டும் பூட்டியது. மறு வருடமே புது டிரைவர் வந்தது. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பி, அவன் வேலையைக் கார்டுக்குள்ளேயே ஓடும் நிரலிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஏதெராஸ் ஹாலின் பூட்டை உடைத்தவர் ரைக் ஃப்ளோட்டர் என்ற ஜெர்மானியர். உடைத்தார் என்பதுகூடத் தப்பு. சிப்பிடம் டிரைவர் என்ன பேசுகிறது, சிப் என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து கவனித்துக் கவனித்து, தானே புதிதாக ஒரு ஹால் கட்டினார். 2005 மே மாதம் வந்த ஓப்பன்பி.எஸ்.டி. 3.7-ல் அது இடம்பெற்றது. ‘இது காப்பியடித்ததோ’ என்று சந்தேகம் கிளம்ப, 2007-ல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் வழக்கறிஞர்கள் ஆராய்ந்துவிட்டு, காப்புரிமை மீறல் எதுவும் இல்லை என்று சொன்னார்கள். அதை அடித்தளமாக வைத்து லினக்ஸில் எழுந்த டிரைவரின் பெயர் ஏ.டி.ஹெச்.5.கே.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. சக்தி.

அந்த நிரலில் சக்தியை நிர்ணயிக்கும் இடத்தில், ‘இது இன்னும் முழுமையாகவில்லை’ என்ற பொருளில் எழுதியவர்களே ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள். எழுதியவன் தன் குறையைத் தானே எழுதிவைப்பது ஓப்பன் சோர்ஸில் சகஜம். பூட்டிய ஹாலில் இருந்தால் அந்தக் குறிப்பை நீங்களும் நானும் பார்த்திருக்கவே முடியாது.

அப்படி என்ன கஷ்டம் அதில்? ஒரு எண்ணை எழுத வேண்டியதுதானே?

கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் திருகைப் பாதி திருப்பினால் ஒரு தீ. பக்கத்து வீட்டில் அதே பாதிக்கு வேறு தீ. வைஃபை கார்டும் அப்படித்தான். ஒரே அச்சில் வார்த்த இரண்டு கார்டுகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால், வெளியே வரும் சக்தி ஒன்றாக இருக்காது. அதனால் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கார்டாக அளப்பார்கள். இந்த அலைவரிசையில் இந்த எண் கொடுத்தால் இவ்வளவு சக்தி வருகிறது என்று ஒரு அட்டவணை தயாரித்து, கார்டிலேயே இருக்கும் ஒரு குட்டி நினைவகத்தில் எழுதிவிடுவார்கள். அதாவது, ஒவ்வொரு கார்டும் தன் ஜாதகத்தைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறது.

நல்ல டிரைவர் என்ன செய்யவேண்டும்? அந்த ஜாதகத்தை எடுத்துப் படிக்க வேண்டும். அளக்காத அலைவரிசைக்கு, அளந்த இரண்டுக்கும் நடுவே கணக்குப் போட வேண்டும். வேகத்தையும் பார்க்க வேண்டும். 6 மெகாபிட் வேகத்தில் சத்தமாகப் பேசலாம்; 54 மெகாபிட்டில் சிக்னல் சுத்தமாக இருந்தால்தான் எதிராளிக்குப் புரியும், எனவே குரலைத் தாழ்த்த வேண்டும். அலைவரிசையின் ஓரங்களில் இன்னும் தாழ்த்த வேண்டும், பக்கத்து வீட்டுக்குள் வழியாமல் இருக்க. கடைசியாக நாட்டின் சட்டம். இத்தனையிலும் எது சிறியதோ, அதுதான் எண்.

போதாக்குறைக்கு டெசிபல். டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் பெயரில் வந்த அளவு. 1 மில்லிவாட் என்பது சுழி. 10 டெசிபல் என்றால் 10 மில்லிவாட். 20 என்றால் 100. 30 என்றால் ஆயிரம், அதாவது 1 வாட். மூன்று ஏறினால் சக்தி இரண்டு மடங்கு. இதில் ஏதெராஸ் டிரைவர் கணக்குப் போடுவது அரை டெசிபலில். உச்சபட்ச எண் 63. அதற்கு அர்த்தம் 31.5 டெசிபல். தொழிற்சாலை அட்டவணையோ கால் டெசிபலில்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 20 டெசிபல் வேண்டும். சிப்புக்குச் சொல்லவேண்டிய எண் 40. மறந்துபோய் 20 என்றே சொன்னால் கிடைப்பது 10 டெசிபல், 100 மில்லிவாட்டுக்குப் பதில் 10 மில்லிவாட். பத்தில் ஒரு பங்கு. பெட்ரூமில் சிக்னல் போச்சு. மாறாக, 40 என்பதை அப்படியே டெசிபல் என்று படித்துத் திரையில் காட்டினால் 10 வாட்! பெட்டியால் அது முடியவே முடியாது. ஆனால் பார்க்கிற அதிகாரிக்கு மாரடைப்பு வரும். இரண்டால் பெருக்க மறந்த ஒரே ஒரு வரி செய்யும் வேலை இது.

2009-ல் ஏ.டி.ஹெச்.5.கே.யின் இந்தப் பகுதியை உட்கார்ந்து திருத்தி எழுதினார்கள். கார்டின் ஜாதகத்தைப் படித்து, கணக்கிட்டு, சரியான எண்ணைச் சொல்லும்படி. எந்தப் பத்திரிகையிலும் செய்தி வரவில்லை. இத்தனைக்கும் ‘திறந்துவிட்டால் சட்டத்தை மீறுவார்கள்’ என்று யாரைப் பார்த்துப் பயந்தார்களோ, அந்தக் கூட்டம்தான் சட்டப்படி பேச சிப்புக்குச் சொல்லிக்கொடுத்தது.

இதற்குள் கம்பெனியின் மனமும் மாறியிருந்தது. 2008-ல் ஏதெராஸ் தன் அடுத்த தலைமுறை சிப்களுக்குத் தானே திறந்த டிரைவரைக் கொடுத்தது. பழைய ஹாலின் நிரலும் அதே வருடம் வெளியே வந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

‘அப்படியானால் எல்லாரும் உத்தமர்களா?’ என்று கேட்பீர்கள். இல்லை சார். கூத்தும் நடந்தது.

லின்க்ஸிஸ் என்ற கம்பெனியின் நீலக் கறுப்பு ரவுட்டர் ஒன்று 2002 டிசம்பரில் கடைக்கு வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, லினக்ஸின் உரிம விதிப்படி 2003-ல் நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. உடனே ஆர்வலர்கள் புதுப்புது சாஃப்ட்வேர் எழுதி அந்தப் பெட்டிக்குள் ஏற்றினார்கள். டிடி-டபிள்யூ.ஆர்.டி. என்பது அதில் பிரபலம். அதில் சக்தியை மாற்ற ஒரு கட்டம். 1 முதல் 251 மில்லிவாட் வரை என்ன வேண்டுமானாலும் போடலாம். மனுஷன் சும்மா இருப்பானா? 251-ஐப் போட்டான்.

என்ன ஆயிற்று? கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை முழுசாகத் திருகினால் பாட்டு கிழியுமே, அதே கதை. சிக்னல் கிழிந்தது. வேகம் குறைந்தது. பெட்டி சூடானது. இன்னொன்றையும் மறந்துவிட்டார்கள். வைஃபை என்பது ரேடியோ நிகழ்ச்சி அல்ல, உரையாடல். ரவுட்டர் தெருமுனை வரை கத்தலாம். தெருமுனையில் இருக்கும் லேப்டாப் பழைய குரலில்தானே பதில் சொல்லும்? அது ரவுட்டர் காதில் விழாது.

லினக்ஸிலும் ஒரு குறுக்குவழி பிறந்தது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொன்னால், அந்த நாட்டுச் சட்டப்படி லினக்ஸ் சக்தியை வைக்கும். எந்த நாட்டில் வரம்பு தாராளம் என்று தேடினார்கள். பொலிவியா! அவ்வளவுதான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரிடம் ‘நான் பொலிவியாவில் இருக்கிறேன்’ என்று பொய் சொன்னார்கள். தென் அமெரிக்காவின் அந்த மலைநாட்டுக்கு இவ்வளவு பேர் குடிபோனது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. பாதிப் பேருக்குப் பலனில்லை. கார்டின் ஜாதகத்தில் இல்லாத சக்தியைப் பொலிவியா எங்கிருந்து கொடுக்கும்?

இப்போது அந்த ரேடாருக்கு வருவோம். 2003-ல் அமெரிக்கா 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் வைஃபைக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. அதில் ரேடாரின் இடமும் அடக்கம். நிபந்தனை: பேசுமுன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேள், ரேடார் சத்தம் கேட்டால் எழுந்து போ, அரைமணி நேரம் அந்தப் பக்கம் வராதே.

2009-ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில், விமான நிலைய ரேடார் திரையில் இல்லாத மேகங்கள் கோடு கோடாகத் தெரிய ஆரம்பித்தன. தேடிப்போனால், உயரமான இடங்களில் நின்று ஊருக்கு இன்டர்நெட் அனுப்பிக்கொண்டிருந்த வயர்லெஸ் கருவிகள். காது கேட்கும் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. டல்லாஸ் விபத்துக்குப் பிறகு வைத்த கண்ணுக்குள் மணல்! எஃப்.சி.சி. பல நிறுவனங்களுக்கு அபராதம் போட்டது. ஆணையத்தின் பயம் வீண்பயம் அல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மருந்துதான் தப்பு. 2015 மார்ச்சில் எஃப்.சி.சி. தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஒரு கேள்வி: டிடி-டபிள்யூ.ஆர்.டி. போன்ற வெளியார் சாஃப்ட்வேரை ஏற்றவிடாமல் உங்கள் கருவியை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? பெயர் சொல்லியே கேட்டுவிட்டார்கள். சக்தியைப் பூட்டச் சொன்னால் கம்பெனிகள் பெட்டியையே பூட்டிவிடும். அதுதானே மலிவு?

கொதித்தார்கள். அக்டோபரில், இன்டர்நெட்டின் தந்தையரில் ஒருவரான வின்ட் செர்ஃப் உள்ளிட்ட 260 நிபுணர்கள் கடிதம் எழுதினார்கள். அவர்கள் சொன்னது நேர் எதிர்: பூட்டாதீர்கள், நிரலை வெளியிடச் சொல்லுங்கள். எல்லாரும் பார்க்கட்டும். தப்பு இருந்தால் திருத்தட்டும். நவம்பரில் எஃப்.சி.சி. வாசகத்தை மாற்றியது.

உச்சக்கட்டம் 2016 ஆகஸ்ட் 1. டி.பி.-லிங்க் கம்பெனியின் சில ரவுட்டர்கள் அமெரிக்க வரம்பைத் தாண்டிய சக்தியில் பேசியதற்காக 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆர்வலர்கள் ஏற்றிய சாஃப்ட்வேரா காரணம்? கிடையாது. கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேர். அதில் நாட்டை மாற்றிக்கொள்ள ஒரு வசதி வைத்திருந்தார்கள். அதே பொலிவியா வித்தை, அதிகாரபூர்வமாக! வேடிக்கை என்னவென்றால், அந்த வருட ஆரம்பத்தில்தான் வெளியார் சாஃப்ட்வேரைத் தடுக்கப் போவதாக அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது. சமரசத்தில் எஃப்.சி.சி. என்ன கேட்டது தெரியுமா? வெளியார் சாஃப்ட்வேருக்கு இடம் கொடுக்க வழி தேடவேண்டும் என்று.

இன்றைக்கு லினக்ஸ், நாடுகளின் வரம்பையெல்லாம் ஒரே கோப்பில் வைத்திருக்கிறது. சாதாரண எழுத்துக் கோப்பு. நாட்டுக்கு ஒரு பத்தி. இந்தியாவுக்கும் உண்டு: இந்த அலைவரிசை, இத்தனை டெசிபல். தப்பு என்று தோன்றினால் அரசாங்க ஆவணத்தைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். கூட்டவும் செய்கிறார்கள், குறைக்கவும் செய்கிறார்கள். திருத்திய கோப்பை டிஜிட்டல் கையெழுத்து போட்டுத்தான் வெளியே விடுகிறார்கள்.

உங்கள் பெட்ரூமில் சிக்னல் வரவில்லையா? பொலிவியா வேண்டாம். பெட்டியை டி.வி.க்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். அனேகமாக அதுவே போதும்.